டர்பனில் சொந்தப் படகு இல்லாமல் பாய்மரப் படகில் போவது எப்படி?

டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்து நம் ஆட்களுக்குக் கடல் புதிதல்ல. ஷாட் மீன் சீசனில் தூண்டிலோடு விடிய விடிய நிற்போம், மத்தி கரையேறினால் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். ஆனால் மரினா படகுத்துறையில் நிற்கும் பாய்மரப் படகுகளைப் பார்த்தால், அது நமக்கில்லை என்று நகர்ந்துவிடுகிறோம். 1980களின் கடைசிவரை டர்பன் கடற்கரையையே இனவாரியாகப் பிரித்து வைத்திருந்தார்கள். அந்தத் தயக்கம் சும்மா வந்ததல்ல. இன்று நிலைமை வேறு. படகு வைத்திருப்பவர்கள் தங்களோடு வர ஆள் தேடுகிறார்கள். அந்த ஆளாக நீங்கள் போகலாம், செலவும் அதிகமில்லை.

அவர்களுக்கு ஏன் ஆள் வேண்டும்? காற்று பாயை அழுத்தும்போது படகு ஒரு பக்கமாகச் சாயும். காற்று வரும் பக்க விளிம்பில் நாலு பேர் வரிசையாக உட்கார்ந்தால் படகு நிமிரும், வேகமும் கூடும். அதனால் ஒன்றுமே தெரியாதவருக்கும் பந்தயப் படகில் முதல் நாளே வேலை இருக்கிறது.

முதல் வேலை, துறைமுகத்தை ஒட்டிய யாட் கிளப்புக்கு, அதாவது பாய்மரப் படகுக்காரர்களின் சங்கத்துக்கு, நேரில் போவது. டர்பனுக்கு இதில் பழைய பெருமை உண்டு. ராயல் நேட்டால் யாட் கிளப் 1858இல் தொடங்கியது, நம் முன்னோர் ட்ரூரோ கப்பலில் வந்து இறங்குவதற்கு இரண்டு ஆண்டு முன்பே. அலுவலகத்தில் பந்தயம் என்றைக்கு என்று கேட்டு, க்ரூ (படகில் கூட வேலை செய்யும் ஆட்கள்) தேடுபவர்களிடம் உங்கள் எண்ணைக் கொடுக்கச் சொல்லுங்கள். அப்புறம் பந்தய நாளில், கிளம்பும் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே போய் நில்லுங்கள். கடைசி நிமிடத்தில் யாராவது வராமல் போவது எல்லாப் படகிலும் நடப்பதுதான்.

படகுக்காரரிடம் பேசும்போது சுற்றி வளைக்க வேண்டாம். “எனக்கு அனுபவம் இல்லை. எடை 70 கிலோ. நீச்சல் தெரியும். சனி, ஞாயிறு காலை 8 மணிக்கு வந்துவிடுவேன்.” இவ்வளவு போதும். தெரியாததைத் தெரியும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கடலில் அது மற்றவர்களையும் ஆபத்தில் தள்ளும். நீச்சல் தெரியாது என்றால் முதலில் அதைக் கற்றுக்கொள்ளுங்கள். இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

உரிமம் பற்றிப் பலர் கேட்கிறார்கள். பெரிய படகைச் செலுத்துபவருக்குத்தான் சாம்சா (தென்னாப்பிரிக்கக் கடல்சார் பாதுகாப்பு ஆணையம்) விதிப்படி தகுதிச் சான்றிதழ் வேண்டும். க்ரூவாகப் போகும் உங்களுக்கு வேண்டாம்.

கொண்டுபோக வேண்டியவை: படகின் தளத்தில் கறை விடாத ரப்பர் அடி ஷூ (செருப்பு வேண்டாம்), கயிறு கட்டிய தொப்பி, தண்ணீர். உயிர்காப்பு அங்கி படகில் இருக்கும், ஆனாலும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். காலையில் இரண்டு இட்லியோடு நிறுத்திவிடுங்கள். குமட்டல் வரும் என்று பயந்தால் கிளம்பும் முன்பே மாத்திரை போட வேண்டும், வந்த பிறகு போட்டுப் பயனில்லை. தலை சுற்றினால் உள் அறைக்குள் இறங்காமல் மேலேயே இருந்து அடிவானத்தைப் பாருங்கள்.

படகில் இரண்டு விஷயம் முதலில் மனதில் இருக்கட்டும். ஒன்று, பூம். பெரிய பாயின் அடியில் கிடைமட்டமாக இருக்கும் கம்பம் அது. படகு திரும்பும்போது ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வீசும். திரும்பப் போகிறோம் என்று குரல் வந்தால் முதலில் தலையைத் தாழ்த்துங்கள். இன்னொன்று, வின்ச். பாயின் கயிற்றை இழுக்க உதவும் உருளை. கயிற்றை எப்போதும் கடிகார முள் சுற்றும் திசையில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி இழுக்க வேண்டும். விரல் கயிற்றுக்கும் உருளைக்கும் நடுவே போகவே கூடாது. காற்றடிக்கும்போது அந்தக் கயிற்றில் இருக்கும் இழுவையைக் கையில் உணர்ந்தால் ஏன் என்று புரியும். தளர்த்தும்போது சுற்றுகளின் மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள்.

முதல் சில வாரங்கள் துறைமுகத்துக்குள் ஓடும் படகுகளைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. வெளியே அகுல்ஹாஸ் நீரோட்டம் தென்மேற்கு நோக்கி ஓடுகிறது. வடகிழக்குக் காற்று ஓய்ந்து திடீரென்று தென்மேற்குக் காற்று திரும்பினால், நீரோட்டமும் காற்றும் எதிரெதிராக மோதி அலை செங்குத்தாக எழும். பெரிய கப்பல்களையே சேதப்படுத்திய கடல் இது. கிளம்பும் முன் வானிலை பார்க்காத படகுக்காரரோடு போகாதீர்கள், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி.

கடல் பயமென்றால் ஹோவிக் பக்கத்து மிட்மார் அணையில் தொடங்கலாம். ஜோஹன்னஸ்பர்க்காரர்களுக்கு வால் அணை. கேப் டவுனில் இருப்பவர்கள் கோடையில் ராயல் கேப் யாட் கிளப்பின் புதன்கிழமை மாலைப் பந்தயத்துக்குப் போய்ப் பாருங்கள். பிள்ளைகளுக்கு ஆப்டிமிஸ்ட் என்ற குட்டிப் படகு, 15 வயது வரை.

பணம் கட்டிப் படிக்கும் வகுப்பில் உடனே சேர வேண்டாம் என்பது என் கருத்து. சில வாரம் க்ரூவாகப் போனபின் சேர்ந்தால், சொல்லித் தருவது கையில் ஒட்டும்.

ஓராண்டு விடாமல் போய்வந்தால் நீண்ட பயண வாய்ப்புகளும் வரும். கேப் டவுனில் கட்டும் கேடமரான்களை (இரண்டு அடிப்பாகம் உள்ள பாய்மரப் படகுகள்) அட்லாண்டிக் கடந்து கொண்டுசேர்க்க ஆள் எடுப்பதுண்டு. ஒப்புக்கொள்ளும் முன் அந்தக் கேப்டனோடு ஒரு நாளாவது படகில் போய்ப் பாருங்கள். உயிர்காப்பு மிதவையும் அவசர சமிக்ஞைக் கருவியும் இருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். சாப்பாட்டுச் செலவு யாருடையது, திரும்பி வர விமான டிக்கெட் யார் எடுப்பது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.