நாசிக் ஒயின் தோட்டங்களில் அரை நாள்: ஓட்டுநருடன் தனிக் கார் எடுத்துச் செல்வோருக்கான செய்முறை விளக்கம்

தமிழ்நாட்டிலிருந்து ஷீரடிக்கும் திரியம்பகேஸ்வரத்துக்கும் செல்வோரில் பலர், நாசிக் நகரத்தை வழியில் ஓர் இரவு தங்கும் இடமாகவே அறிந்திருக்கிறார்கள். அந்த நகரத்திலிருந்து அரை மணி நேரத் தொலைவில், கோதாவரியின் குறுக்கே கட்டப்பட்ட கங்காபூர் அணையின் நீர்ப்பரப்பை ஒட்டி, இந்தியாவின் மிக முக்கியமான ஒயின் திராட்சைத் தோட்டங்கள் இருக்கின்றன. உண்பதற்கான திராட்சைக்கு முன்பே பெயர் பெற்றிருந்த இப்பகுதியில், ராஜீவ் சாமந்த் 1990களின் பிற்பகுதியில் ஒயினுக்கான திராட்சை வகைகளை நட்டார்; அவர் தொடங்கிய சூலா நிறுவனத்தின் முதல் ஒயின் 2000ஆம் ஆண்டு வெளிவந்தது. அடுத்த ஆண்டே மகாராஷ்டிர அரசு திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்கென ஒரு தனிக் கொள்கையை அறிவித்ததால், மேலும் பலர் இத்தொழிலில் இறங்கினார்கள்.

ஒயின் ஆலை ஒன்றுக்குள் இதுவரை காலெடுத்து வைக்காதவர், அரை நாளில் ஒரு தனிக் காரும் ஓட்டுநரும் அமர்த்திக்கொண்டு இந்தத் தோட்டங்களை நிதானமாகப் பார்த்து வருவது எப்படி என்பதை இங்கே வரிசையாக விளக்குகிறேன். என் உறுதியான கருத்து, அரை நாளுக்கு இரண்டு ஆலைகள் போதும் என்பதே. மூன்று, நான்கு என்று அடுக்குவோர் கடைசி இடத்தில் எதைச் சுவைத்தோம் என்றே தெரியாமல் திரும்புகிறார்கள்.

படி 1: காலமும் கிழமையும்

ஐரோப்பாவில் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை திராட்சை அறுவடை நடக்கிறது. நாசிக்கிலோ ஜனவரி முதல் மார்ச் வரை. இங்கே குளிர்காலத்திலும் கொடி முழுமையாக உறங்குவதில்லை என்பதால், அறுவடை முடிந்த பிறகு ஏப்ரல் வாக்கில் ஒரு முறையும், மழை ஓய்ந்ததும் செப்டம்பர், அக்டோபரில் மறுமுறையும் கவாத்து செய்கிறார்கள், அதாவது கிளைகளை வெட்டிவிடுகிறார்கள். இரண்டாவது கவாத்துக்குப் பின் வரும் காய்ப்பைத்தான் அறுவடை செய்கிறார்கள். கொடியில் பழத்தைப் பார்க்க விரும்புவோர் ஜனவரி இறுதியிலிருந்து மார்ச் தொடக்கம் வரையிலான வாரங்களைத் தேர்ந்தெடுப்பது நல்லது. மழைக்காலத்தில் சென்றால் பழம் இருக்காது. ஆனால் அணையும் குன்றுகளும் பச்சைப் பசேலென்று இருக்கும், ஒயின் வழக்கம்போலவே கிடைக்கும்.

கிழமையைப் பொறுத்தவரை செவ்வாய் முதல் வியாழன் வரை ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். சனி, ஞாயிறுகளில் மும்பையிலிருந்தும் புனேயிலிருந்தும் பெருங்கூட்டம் வந்துவிடும். ஒயினை ஊற்றிக் கொடுப்பவரிடம் நின்று ஒரு கேள்வி கேட்கக்கூட வாய்ப்பிருக்காது. மது விற்பனைக்குத் தடையுள்ள நாட்களையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். அக்டோபர் 2 நிச்சயமான தடை நாள். தேர்தலை ஒட்டிய நாட்களிலும் தடை இருக்கும்.

படி 2: இரண்டு ஆலைகளைத் தேர்ந்தெடுத்தல்

முதல் முறை செல்பவருக்குச் சூலாவும் யார்க்கும் பொருத்தமான இணை. இரண்டும் கங்காபூர் அணைப் பக்கத்தில், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சில நிமிடங்களில் செல்லும் தொலைவில் உள்ளன. சூலா பெரியது, 2005ஆம் ஆண்டிலேயே பார்வையாளர்களுக்கான சுவைப்பு அறையைத் திறந்த இடம் என்பதால், ஆலையைச் சுற்றிக் காட்டுவதில் நன்கு பழகியவர்கள். யார்க் அளவில் சிறியது. 2021இல் சூலா நிறுவனமே அதை வாங்கிவிட்டாலும், அதன் ஒயின்கள் தனிப் பெயரிலேயே வருகின்றன. கூட்டம் குறைவான நேரத்தில் சென்றால் அங்கே சாவகாசமாகப் பேச முடிகிறது.

இகத்புரி பக்கத்தில் வலோனே, குரோவர் ஜாம்பா ஆகியவையும், திண்டோரியில் சாந்தோன் ஆலையும் இருக்கின்றன. அவையும் பார்க்கத் தகுந்தவைதான். ஆனால் அணைப் பக்கத்து ஆலை ஒன்றையும் இகத்புரி ஆலை ஒன்றையும் ஒரே அரை நாளில் சேர்த்தால், நேரத்தின் பெரும்பகுதி சாலையிலேயே கழிந்துவிடும். ஒரே திசையில் இருக்கும் இரண்டைத் தேர்ந்தெடுப்பதே முறை.

படி 3: காரும் ஓட்டுநரும்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவின்படி, 100 மி.லி. இரத்தத்தில் 30 மி.கி.க்கு மேல் ஆல்கஹால் இருக்கும் நிலையில் வாகனம் ஓட்டுவது குற்றம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, முதல் முறை பிடிபட்டாலே 10,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். சட்டம் ஒருபுறம் இருக்க, எதிரே வரும் முன்பின் அறியாத ஒருவரின் உயிரைப் பணயம் வைக்க நமக்கு எந்த உரிமையும் இல்லை. ஆகவே நண்பர்களில் ஒருவர் கொஞ்சமாகக் குடித்துவிட்டு ஓட்டிக்கொள்ளலாம் என்ற யோசனைக்கே இடம் கொடுக்காதீர்கள்.

செயலி வழியாகப் பதிவு செய்யும் டாக்சி நகரத்திலிருந்து செல்ல உதவும். தோட்டப் பக்கத்திலிருந்து திரும்பி வரும்போது வண்டி கிடைக்கும் என்று நம்ப முடியாது. எனவே காத்திருந்து அழைத்து வரும் காரையே அமர்த்துங்கள். தங்கும் விடுதியின் வரவேற்பு மேசையிலோ, நகரத்து டிராவல்ஸ் நிறுவனங்களிலோ இத்தகைய கார் கிடைக்கும். உள்ளூர் வாடகையில் 4 மணி நேரம் 40 கி.மீ., 8 மணி நேரம் 80 கி.மீ. என்ற இரண்டு கணக்குகள்தான் வழக்கம். நாம் செல்லும் தொலைவு 40 கி.மீ.க்குள் அடங்கலாம், நேரம் அடங்காது. போக வர ஒரு மணி நேரம், முதல் ஆலையில் ஒன்றரை மணி நேரம், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம், இரண்டாவது ஆலையில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் என்று கூட்டினால் ஐந்து மணி நேரத்தைத் தொடும். ஆகவே 4 மணி நேரக் கணக்கில் எடுத்தால் கூடுதல் ஒரு மணிக்கு எவ்வளவு என்று கேட்டு, அந்தத் தொகையை 8 மணி நேர வாடகையோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். வித்தியாசம் குறைவாக இருந்தால் 8 மணி நேரத்தையே எடுத்துக்கொள்வது மேல்; கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஒயினைச் சுவைப்பதில் எந்த இன்பமும் இல்லை.

பேசி முடிக்கும் முன் கேட்க வேண்டியவை சில உண்டு. கி.மீ. கணக்கு நம்மை ஏற்றும் இடத்திலிருந்து தொடங்குகிறதா, ஷெட்டிலிருந்து தொடங்கி ஷெட்டில் முடிகிறதா? பார்க்கிங் கட்டணமும் சுங்கமும் வாடகைக்குள் அடங்குமா? வண்டி மஞ்சள் நம்பர் பலகை கொண்ட வாடகை வண்டிதானா? வெள்ளைப் பலகை கொண்ட சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி செல்லாது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டிலும் சிக்கல் வரும். இந்த விவரங்களை வாட்ஸ்அப்பில் எழுத்தாகப் பெற்றுக்கொண்டால் இறுதியில் வாக்குவாதத்துக்கே இடமிருக்காது. புறப்படும்போது ஓட்டுநருக்கு எதிரிலேயே மீட்டரில் உள்ள கி.மீ. எண்ணைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். அவரும் அதை டிரிப் ஷீட்டில் குறித்துக்கொள்வார், இருவருக்கும் ஒரே கணக்கு இருக்கும்.

நாசிக் ஓட்டுநர்கள் மராத்தியும் இந்தியும் பேசுவார்கள். இந்தி தெரியாதவர்கள், செல்லும் இடங்களையும் நேரங்களையும் வரிசையாக எழுதி, புறப்படும் முன்பே அவருக்கு அனுப்பிவிடுவது நல்லது. கூடவே, ஐந்து மணி நேரம் நமக்காகக் காத்திருப்பவருக்கும் பசி உண்டு என்பதை மறக்கலாகாது. அவருடைய மதியச் சாப்பாட்டுக்கான பணத்தைக் காலையிலேயே கையில் கொடுத்து, எப்போது ஓய்வு, எப்போது அழைப்போம் என்று சொல்லிவிடுங்கள். அன்புக்காகக்கூட அவருக்கு ஒரு மிடறு ஒயின் நீட்டாதீர்கள். மறுப்பதற்குச் சங்கடப்படும் நிலைக்கு அவரைத் தள்ளுவது மரியாதை ஆகாது.

படி 4: முன்பதிவும் புறப்பாடும்

ஆலையைச் சுற்றிப் பார்ப்பதற்கும் ஒயினைச் சுவைப்பதற்கும் ஆலைகளின் இணையதளத்திலேயே நேரம் குறித்துப் பதிவு செய்யலாம். மகாராஷ்டிரத்தில் ஒயினுக்கான சட்ட வயது 21 என்பதால் எல்லோரும் அடையாள அட்டை எடுத்துச் செல்ல வேண்டும். அம்மாநிலத்தில் மது அருந்துவதற்கு அனுமதிச் சீட்டு முறையும் உண்டு; ஒரு நாள் சீட்டு ஆலையிலேயே கிடைக்குமா என்று பதிவின்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

வெறும் வயிற்றோடு செல்லக் கூடாது. இட்லியோ போஹா எனும் அவல் உப்புமாவோ வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, சுவைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து காபி, வெற்றிலை, பாக்கு, புதினா மிட்டாய் ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். அன்றைக்கு மட்டும் சென்ட் வேண்டாம். தலையில் மல்லிகைச் சரமும் வேண்டாம். மல்லிகை மணம் பரவியிருக்கும் மேசையில் எந்த வெள்ளை ஒயினின் வாசனையும் எடுபடாது, அருகில் அமர்ந்திருப்பவருக்கும் அதே நிலைதான்.

படி 5: ஆலைக்குள்

பதினொன்றரை மணிக்கு முதல் ஆலையில் இருக்குமாறு புறப்படுங்கள். மதிய உணவுக்கு முந்தைய வேளையில் மூக்கும் நாக்கும் கூர்மையாக இருக்கும். கம்பம் பள்ளத்தாக்கில் பந்தலில் படர்ந்து தலைக்கு மேல் குலைகள் தொங்கும் திராட்சையைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இங்குள்ள தோட்டம் வேறு விதமாகத் தோன்றும். கொடிகளைக் கம்பிகளில் நிமிர்த்திக் கட்டி, வேலி வேலியாக வளர்த்திருப்பார்கள். உள்ளே, எஃகுத் தொட்டிகளின் புறச்சுவரில் கைவைத்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். வெள்ளை ஒயின் நொதிக்கும் தொட்டி சில்லென்றிருக்கும். பழத்தின் மணம் ஆவியாகிப் போகாமலிருக்க அதைக் குளிரூட்டி மெதுவாக நொதிக்க விடுகிறார்கள். சிவப்பு ஒயினைத் தோலோடு சேர்த்து, அதைவிட அதிக வெப்பத்தில் நொதிக்க வைக்கிறார்கள்; நிறமும் துவர்ப்பும் அந்தத் தோலிலிருந்தே வருகின்றன.

படி 6: சுவைத்துப் பார்த்தல்

முதலில் நுரைக்கும் ஒயின், பிறகு வெள்ளை, ரோஸே எனும் இளஞ்சிவப்பு, சிவப்பு, கடைசியில் இனிப்பு ஒயின் என்பதே பொதுவான வரிசை. கனமான சிவப்பை முதலில் குடித்துவிட்டால் மெல்லிய வெள்ளை வெறும் தண்ணீராகத் தோன்றும்.

ஒயின் கிண்ணத்தின் (கிளாஸின்) தண்டைப் பிடியுங்கள். குமிழைப் பிடித்தால் கைச்சூடு ஒயினுக்கு ஏறிவிடும். வெள்ளைத் தாளின் மேல் சாய்த்து நிறத்தைப் பாருங்கள். அசைக்காமல் ஒரு முறை முகர்ந்து, பின் கிண்ணத்தின் அடியை மேசையில் வைத்தபடியே மூன்று சுற்றுச் சுழற்றி, மறுபடியும் முகருங்கள். இரண்டாம் முறை மணம் விரிந்து வருவதை நீங்களே உணர்வீர்கள். சாவிக்னான் பிளாங் என்ற வெள்ளை ஒயினில் பச்சைக் குடைமிளகாயும் வெட்டிய புல்லும், ஷிராஸ் என்ற சிவப்பு ஒயினில் மிளகும் கருநிறப் பழங்களும் பலருக்குத் தென்படும். உங்களுக்கு அது கொய்யாவாகவோ நாவல் பழமாகவோ தோன்றினால் தயங்காமல் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் பழங்களின் பெயர்களை மனப்பாடம் செய்வதால் மூக்குக்கு எந்தப் பயிற்சியும் கிடைப்பதில்லை.

அடுத்து ஒரு சிறு மிடறு. உடனே விழுங்காமல் வாய் முழுவதும் பரவ விட்டு நான்கு விஷயங்களைக் கவனியுங்கள்: இனிப்பு எவ்வளவு, புளிப்பினால் எச்சில் ஊறுகிறதா, துவர்ப்பினால் ஈறு வறள்கிறதா, தொண்டையில் ஆல்கஹாலின் சூடு தெரிகிறதா. துவர்ப்பைப் பாக்கிலும் நெல்லிக்காயிலும் அறிந்த நமக்குச் சிவப்பு ஒயினின் அந்தத் தன்மை புரியாமல் போகாது. தொடக்கநிலையில் இருப்போருக்கு, சற்றே இனிப்பு தங்கிய செனின் பிளாங் என்ற வெள்ளை ஒயின் எளிதில் பிடித்துவிடும். அதற்காகக் கூச்சப்பட வேண்டியதில்லை.

பிறகு துப்பிவிடுங்கள். மேசையில் அதற்கென்றே ஒரு பாத்திரம் இருக்கும். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். பிறர் முன்னிலையில் துப்புவது நம் வழக்கத்துக்கு ஒவ்வாததுபோல் தோன்றலாம், ஆனால் ஒயின் தயாரிப்பவர்களே நாள்தோறும் அப்படித்தான் சுவைக்கிறார்கள். கணக்கைப் பாருங்கள்: ஒரு முறை ஊற்றுவது 30 மி.லி. என்றால், ஐந்து வகைகளுக்கு 150 மி.லி., அதாவது ஒரு முழுக் கிண்ணம். இரண்டு ஆலைகளில் 300 மி.லி.; மூன்றாவது ஆலைக்கும் சென்றால் 450 மி.லி., அது 750 மி.லி. பாட்டிலில் பாதிக்கும் மேல். துப்பாமல் குடித்து வருபவருக்குப் பிற்பகலில் எல்லா ஒயினும் ஒன்றுபோலவே இருக்கும். மிகவும் பிடித்த ஒன்றிரண்டை மட்டும் விழுங்குங்கள், ஒவ்வொரு வகைக்கும் இடையில் தண்ணீர் குடியுங்கள். கர்ப்பிணிகளும் மருந்து உட்கொள்பவர்களும் சுவைப்பதைத் தவிர்த்து, ஆலைச் சுற்றுலாவில் மட்டும் கலந்துகொள்ளலாம்.

படி 7: சாப்பாடு, இரண்டாவது ஆலை, கணக்கு

ஒரு மணிக்கு முதல் ஆலையின் உணவகத்திலேயே சாப்பிட்டுவிடுங்கள். காரமான உணவுக்குப் பின் நாக்கு சிறிது நேரம் மரத்திருக்கும் என்பதால், இரண்டாவது ஆலையில் முழு வரிசையையும் கேட்காமல், முதல் ஆலையில் பிடித்துப்போன திராட்சை வகைகளை மட்டும் இரண்டு மூன்று கேளுங்கள். அதே ஷிராஸ் மற்றொரு ஆலையின் பெயரில் எப்படி மாறுகிறது என்று ஒப்பிடுவதே இரண்டாவது ஆலைக்குச் செல்வதன் முழுப் பயன்.

பாட்டில் வாங்குவதில் அளவோடு இருங்கள். தமிழ்நாட்டுக்குள் வெளிமாநில மதுவைக் கொண்டுவருவது 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. எனவே நாசிக்கில் தங்கும் நாட்களுக்குள் திறக்கக்கூடிய ஒரு பாட்டிலோடு நிறுத்திக்கொள்வது நல்லது. வாங்கியதை வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் வைக்காதீர்கள். சூட்டில் ஒயின் விரைவில் கெடும். முதல் ஆலையில் வாங்குவதைக் காட்டிலும் திரும்பும் நேரத்தில் வாங்கி, ஏசி ஓடும் இருக்கைப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். சூலாவின் பல பாட்டில்களுக்குத் திருகு மூடிதான் என்பதால் விடுதி அறையில் கார்க் திருகி தேடி அலைய வேண்டியிருக்காது.

விடுதிக்குத் திரும்பியதும் இறங்கும் முன்பே மீட்டர் எண்ணையும் நேரத்தையும் ஓட்டுநருடன் சேர்ந்து பார்த்து, கூடுதல் மணிக்கான தொகையைச் சேர்த்து, டிரிப் ஷீட்டில் கையெழுத்திட்டு, பில்லைப் பெற்றுக்கொள்ளுங்கள். நல்ல முறையில் ஓட்டியவருக்கு அன்பளிப்பாக ஏதேனும் தருவதாக இருந்தால், அதை நிறுவனத்தின் கணக்கோடு கலக்காமல் அவர் கையிலேயே தனியாகக் கொடுத்துவிடுங்கள்.