வாயில் தோன்றும் படலங்களும் புரதக் குறியீடுகளும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலமான லூக்கோபிளேக்கியா, சிவப்புப் படலமான எரித்ரோபிளேக்கியா, பாக்கு மெல்லுபவர்களுக்கு வாய் திறக்க முடியாதபடி உட்சதையை இறுக்கும் சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ் ஆகியவற்றில் சிலவே புற்றுநோயாக மாறுகின்றன. மாறப்போவது எது என்பதை முன்கூட்டியே காட்டும் புரதங்களை, அதாவது புரதக் குறியீடுகளைத் தேடும் ஆய்வுகள் பல வந்துவிட்டன. ஆனால் அவற்றின் முடிவுகளை வாசிப்பதில்தான் பிழைகள் மலிந்துள்ளன.

முதல் தவறு, இத்தகைய புரதங்களை அளக்கும் உமிழ்நீர்ப் பரிசோதனை இயல்பாக வந்துவிட்டதென்று, திசுவில் சிறு துணுக்கை எடுத்து ஆராயும் பயாப்சியைத் தள்ளிப்போடுவது. செல்களின் அமைப்பு எந்த அளவுக்குச் சீர்குலைந்துள்ளது என்பதை இன்றும் நுண்ணோக்கியின் கீழ் வைக்கப்பட்ட திசுவே உறுதிப்படுத்துகிறது; புரதக் குறியீடு அதற்குத் துணை நிற்கலாமே தவிர, அதன் இடத்தைப் பிடிக்க முடியாது.

செல்கள் கட்டுமீறிப் பெருகாமல் தடுக்கும் பி53 புரதத்தைப் பற்றிய தவறு இன்னும் நுட்பமானது. இயல்பான செல்லில் இப்புரதம் உருவான வேகத்திலேயே சிதைக்கப்படுவதால், புரதத்தைக் கண்ணுக்குக் காட்டத் திசுவில் ஏற்றும் சாயத்தில் மிகக் குறைவாகவே தெரிகிறது. அதன் மரபணுவில் சில வகைப் பிறழ்வுகள் நேர்ந்தால் சிதையாமல் உட்கருவில் தேங்கி, அடர்த்தியாகச் சாயமேறுகிறது. இதை மட்டும் படித்தவர்கள் சாயம் ஏறாத திசுவைப் பாதுகாப்பானது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பிறழ்வு புரதத்தின் உற்பத்தியையே பாதியில் அறுத்துவிடும் வகையினதாக இருந்தால், ஆபத்தான திசுவிலும் சாயம் அறவே ஏறாது. மறுபுறம், வெறும் அழற்சியாலும் அடியடுக்குச் செல்களில் ஓரளவு சாயம் கூடலாம். செல் பெருக்கத்தைக் காட்டும் கேஐ-67 புரதத்திலும் எண்ணிக்கையைப் போலவே அடுக்கும் முக்கியம்: அடிப்பகுதியில் அது இருப்பது இயல்பு, மேலடுக்குகளுக்கு ஏறியிருந்தால்தான் கவலை.

உமிழ்நீரில் அளக்கப்படும் இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-8 ஆகியவை அழற்சிப் புரதங்கள் என்பதால், ஈறுநோய் உள்ளவரிடமும் அவை உயரும். பல் ஈறுகளைப் பரிசோதிக்காமல் அந்த அளவை மட்டும் பார்த்து ஒருவரை அச்சுறுத்துவது முறையல்ல.

‘90 சதவீதத் துல்லியம்’ என்ற விளம்பரத்தையும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 1,000 பேரில் 10 பேருக்கே பாதிப்பு இருப்பதாகக் கொண்டால், நோயைக் கண்டறிவதிலும் நோயின்மையைக் கண்டறிவதிலும் 90 சதவீதம் சரியாக இருக்கும் சோதனை 9 பேரைச் சரியாகவும், பாதிப்பே இல்லாத 99 பேரைத் தவறாகவும் சுட்டிக்காட்டும். அந்த 90 சதவீதமும் முற்றிய புற்றுநோயாளிகளை நலமானவர்களோடு ஒப்பிட்டுப் பெறப்பட்டதென்றால், தொடக்கநிலைப் படலத்துக்கு அது பொருந்தும் என்று கொள்ள இடமில்லை. ஆய்வறிக்கையைக் கையில் எடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது, யாரை யாரோடு ஒப்பிட்டார்கள் என்பதைத்தான்.