பழைய கேஸ் இருக்கிறது, தத்தெடுக்க முடியுமா? பதிவு செய்யும் முன் பார்க்க வேண்டியவை

கும்பகோணம், மன்னார்குடி, சீர்காழி என்று எங்கள் பக்கத்தில் தத்தெடுக்க நினைக்கிறவர்களில் பலர் கேட்கும் முதல் கேள்வி வருமானத்தைப் பற்றியதாக இருக்காது. குரலைத் தாழ்த்தி, "அவரு மேல பத்து வருஷத்துக்கு முன்னாடி ஒரு கேஸ் இருந்துச்சுங்க, குழந்தை குடுக்க மாட்டாங்களா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். இதை வெளியே கேட்கக் கூச்சப்பட்டுப் பதிவே செய்யாமல் வருஷத்தைக் கடத்திவிடுகிறவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் வயது காத்திருக்காது. 2 வயது வரையுள்ள குழந்தை வேண்டுமானால் கணவன் மனைவி இருவரின் வயதையும் கூட்டி 85-க்கு மேல் போகக் கூடாது, தனியாகத் தத்தெடுப்பவருக்கு 40.

சரி, விதி என்ன சொல்கிறது? காரா என்று எல்லோரும் சொல்லும் மத்திய தத்தெடுப்பு அமைப்பின் கீழ், அதன் தளத்தில் பதிவு செய்து நடக்கும் தத்தெடுப்புக்கு 2022-ம் ஆண்டு விதிமுறைகள்தான் அடிப்படை. (சொந்தத்துக்குள் 1956-ம் ஆண்டு இந்துச் சட்டப்படி பத்திரம் பதிந்து எடுப்பது தனி வழி, அதை இங்கே பேசவில்லை.) உடல், மனம், உணர்வு, பணம் ஆகியவற்றில் குழந்தையை வளர்க்கும் தகுதி வேண்டும், உயிருக்கு ஆபத்தான நோய் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, இரண்டு விஷயங்களை விதி திட்டவட்டமாக வைக்கிறது. எந்த வகைக் குற்றத்திலும் தண்டனை பெற்றிருக்கக் கூடாது. குழந்தை உரிமை மீறல் வழக்கு எதிலும் குற்றம் சாட்டப்பட்டிருக்கவும் கூடாது.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நிதானமாகப் பாருங்கள். மற்ற வழக்குகளில் தண்டனை ஆகியிருந்தால்தான் தடை. குழந்தை சம்பந்தப்பட்ட வழக்கில் உங்கள் பெயர் குற்றம் சாட்டப்பட்டவராக வந்தாலே தடை, தீர்ப்பு வரவேண்டும் என்றுகூட இல்லை. போக்சோ மட்டும்தான் இதில் வரும் என்று நினைத்துவிடாதீர்கள். வாத்து மேய்க்கவும் ஆடு மேய்க்கவும் சின்னப் பையன்களை முன்பணம் கொடுத்துக் கூட்டிவந்து வைத்திருந்ததாகப் பதிவாகும் வழக்கும் குழந்தை உரிமை வழக்குதான். பெண்ணுக்கு 18 முடியாமல் கல்யாணம் செய்து அதற்காகப் பதிவான வழக்கும் அப்படியே, இன்றைக்கு அந்தப் பெண்ணே மனைவியாகப் பக்கத்தில் நின்றாலும் பதிவில் அது இருக்கத்தான் செய்யும். இப்படி ஒன்று இருந்தால் முதலில் வக்கீலைப் பார்த்து அந்த வழக்குக்கு முடிவு தேடுங்கள், தத்துப் பதிவை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

மற்ற வழக்குகளில் ஆளை மாட்டிவிடுவது பெரும்பாலும் மறந்துபோன சின்ன விஷயம்தான். வரப்புத் தகராறு, வாய்க்கால் தண்ணீர்த் தகராறு, திருவிழாவில் கைகலப்பு, குடித்துவிட்டு ரோட்டில் சத்தம் போட்டது, இந்த மாதிரி. "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிடு, இன்னையோட முடிஞ்சிரும்" என்று யாரோ சொல்லியிருப்பார்கள், நீங்களும் கட்டிவிட்டு வந்திருப்பீர்கள். கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் சட்டத்தின் பார்வையில் அதுவும் தண்டனைதான். ஜெயிலுக்குப் போகவில்லை என்பதால் "தண்டனை இல்லை" என்று எழுதிவிடாதீர்கள். ஹெல்மெட் போடாததற்குப் போலீஸ் ரோட்டில் நிறுத்தி வாங்கிய அபராதம் வேறு, அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அதனால் முதல் வேலை, உங்கள் வழக்கு எப்படி முடிந்தது என்பதற்கான காகிதத்தைக் கையில் எடுப்பது. கோர்ட் வழக்கு விவரங்கள் இருக்கும் இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடுங்கள், கணவன் மனைவி இருவர் பெயரையும், எழுத்தை மாற்றி மாற்றிப் போட்டு. பழைய வழக்கு அதில் கிடைக்காவிட்டால் எஃப்ஐஆர் எண்ணையும் வருடத்தையும் வைத்துக்கொண்டு அந்தக் கோர்ட்டில் நகல் மனு போட்டுத் தீர்ப்பின் சான்றிட்ட நகல் வாங்குங்கள். விடுதலை என்று இருந்தால் தடை இல்லை. இரு தரப்பும் சமரசமாகிக் கோர்ட் அதை ஏற்று முடித்திருந்தால் அதற்கும் விடுதலையின் பலன் உண்டு. மீத்தேன் திட்டத்தையும் வேளாண் சட்டங்களையும் எதிர்த்த போராட்டங்களில் நம் பக்கத்தில் நிறையப் பேர் மேல் வழக்கு விழுந்தது. அந்தப் போராட்டங்கள் தொடர்பான வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக 2021-ல் தமிழக அரசு அறிவித்தது. உங்கள் வழக்கும் அதில் அடங்கியதா, கோர்ட்டில் முடித்து உத்தரவு போட்டார்களா என்று பார்த்து, நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தண்டனை என்றே வந்துவிட்டதா? அப்போதும் உடனே கையை விரிக்க வேண்டாம். 18 வயதுக்குள் நடந்த குற்றமென்றால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 24-வது பிரிவு அதனால் வரும் தகுதியிழப்பை நீக்குகிறது, 16 வயதுக்கு மேல் கொடுங்குற்றம் செய்து பெரியவர்களைப் போல விசாரிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் இது கிடையாது. ஜெயிலுக்கு அனுப்பாமல், 1958-ம் ஆண்டு நன்னடத்தைச் சட்டப்படி எச்சரித்தோ நன்னடத்தைப் பிணையிலோ விட்டிருந்தால், அந்தத் தண்டனையால் தகுதியிழப்பு வராது என்று அதன் 12-வது பிரிவு சொல்கிறது. தீர்ப்பு நகலில் எந்தப் பிரிவு எழுதியிருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது, அதை எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போங்கள். உயர் நீதிமன்றம் வரை போகவேண்டி வந்தால் தஞ்சாவூர், திருச்சிக்காரர்களுக்கு மதுரைக் கிளை, நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறைக்காரர்களுக்குச் சென்னை.

விவாகரத்தும் மறுமணமும் தடை இல்லை. விவாகரத்துத் தீர்ப்பு நகல் வேண்டும், இப்போதைய திருமண வாழ்க்கை நிலையாக இரண்டு வருடமாவது ஆகியிருக்க வேண்டும். பஞ்சாயத்தில் எழுதி வாங்கிய விடுதலைப் பத்திரம் செல்லாது. முதல் மனைவி கொடுத்த கொடுமைப் புகார் இன்னும் கோர்ட்டில் நடக்கிறதென்றால் அது தண்டனை இல்லைதான், ஆனால் வீட்டு ஆய்வில் அதைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டார்கள், கேட்கவும் வேண்டும்.

குடி, மனநோய் சிகிச்சை, எப்போதோ பூச்சிமருந்தைக் குடித்துப் பிழைத்தது, இவற்றுக்கெல்லாம் விதியில் தனித் தடை என்று எதுவும் கிடையாது. இப்போது எப்படி இருக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. சிகிச்சை பார்த்த மனநல மருத்துவரிடமே, எப்போதிலிருந்து பார்க்கிறார், இப்போது நிலைமை என்ன, குழந்தை வளர்க்க முடியுமா என்று கடிதம் வாங்குங்கள். விண்ணப்பத்துக்கு எப்படியும் மருத்துவத் தகுதிச் சான்று வேண்டும், அதோடு இதையும் வைக்கலாம். மாத்திரை சாப்பிடுகிறேன் என்று சொல்வதில் ஒரு குறைவும் இல்லை, ஒழுங்காகச் சாப்பிடுகிறவர் பொறுப்பானவர் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். ஆனால் குடியை நிறுத்திச் சில மாதம்தான் ஆகிறதென்றால், தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள். அந்த வீட்டுக்கு வரப்போகும் குழந்தை ஏற்கனவே ஒரு முறை எல்லாவற்றையும் இழந்துவிட்டு வருகிறது.

கடனைப் பற்றியும் பயப்படுகிறார்கள். பயிர்க்கடன், நகைக்கடன் இருப்பது தடை இல்லை, இவ்வளவு சம்பாதிக்க வேண்டும் என்று விதியில் தொகையும் போடவில்லை. விவசாயம் செய்கிறவர்கள் இ-சேவையில் விண்ணப்பித்து வருமானச் சான்றிதழ் வாங்கினால் போதும்.

அடுத்தது வீட்டு ஆய்வு. சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து உங்களோடு உட்கார்ந்து பேசுவார். பழைய விஷயத்தை அவர் கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு முன் நீங்களே எடுத்துச் சொல்லிவிடுங்கள், இதை நான் எல்லோரிடமும் வற்புறுத்துவேன். ஒரு பக்கத்தில் எழுதியும் கொடுக்கலாம், இந்த மாதிரி:

"2013-ல் பங்காளித் தகராறில் என் மேல் அடிதடி வழக்குப் பதிவானது. 2016-ல் கோர்ட் விடுதலை செய்தது, தீர்ப்பு நகல் இணைத்துள்ளேன். அப்போது எனக்குக் குடிப்பழக்கம் இருந்தது. 2017 முதல் குடிப்பதில்லை, சிகிச்சைக் கடிதம் இணைத்துள்ளேன். இவை என் மனைவிக்கும் என் பெற்றோருக்கும் தெரியும்."

அந்தக் கடைசி வரி முக்கியம். மனைவிக்குத் தெரியாத விஷயம் ஆய்வு நடக்கும் அன்று கூடத்தில் வைத்து வெளியே வந்தால், வழக்கைவிட அந்த முகமாற்றம்தான் சமூகப் பணியாளர் கண்ணில் படும். தெரிந்தவர்கள் இருவரிடம் கடிதம் வாங்க வேண்டியிருக்கும். அதைப் பெரிய மனிதர் லெட்டர்பேடில் வாங்குவதைவிட, நீங்கள் கெட்டிருந்த காலத்தையும் திருந்திய காலத்தையும் கூடவே இருந்து பார்த்தவர் எழுதினால் எடை அதிகம்.

இதற்கிடையே யாராவது, "உங்களுக்குக் கேஸ் இருக்கு, அங்க போனா கிடைக்காது, நான் ஆஸ்பத்திரியில சொல்லி வாங்கித் தர்றேன்" என்று வருவார்கள். பக்கத்தில் சேர்க்காதீர்கள். குழந்தையை வாங்குவதும் விற்பதும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 81-வது பிரிவில் 5 வருடம் வரை கடுங்காவலும் 1 லட்சம் அபராதமும் வரும் குற்றம், குழந்தையையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

சந்தேகம் இருந்தால் பதிவு செய்யும் முன்பே உங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு நகல்களோடு நேரில் போய்க் கேளுங்கள், கேட்பதற்குப் பணம் எதுவும் கிடையாது. ஆய்வில் தகுதியில்லை என்று முடிவானால் அதற்கான காரணத்தைக் காரா தளத்தில் பதிய வேண்டும், மேல்முறையீடு செய்யவும் வழி இருக்கிறது. வாய்வார்த்தையாக "உங்களுக்கு வராது" என்று யாராவது சொன்னால் அதோடு திரும்பிவிடாமல், காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.