வளைவில் மட்டும் உரசிய டிராக் ரேடியல் டயர்

என்னுடையது 1970 ஷெவ்ரொலே ஷெவெல் கார். பின்னால் 8 அங்குல ரிம்மில் 275/60ஆர்15 அளவில் டிராக் ரேடியல், அதாவது நேர்கோட்டுப் பந்தயத்துக்கான அகல டயர் போட்டேன். நேர்ச்சாலையில் சத்தமே இல்லை. வேகமாக இடப்பக்கம் திரும்பினால் மட்டும் வலது டயரின் உட்சுவர் உரசியது.

நிறுத்தி அளந்தால் இரு பக்கமும் இடைவெளி சமம். காற்றுக் குறைந்து டயரின் பக்கச்சுவர் பிதுங்குகிறதோ என்று காற்றைக் கூட்டினேன், பயனில்லை. அடுத்து ரிம்முக்குப் பின்னால் சக்கரத்தை வெளியே தள்ளும் 6 மில்லிமீட்டர் ஸ்பேசர் தட்டு. உள்ளே உரசல் நின்றது. ஆனால் மேடுபள்ளத்தில் மட்கார்டு விளிம்பு டயரைச் சீவத் தொடங்கியது. விளிம்பை உள்ளே மடித்தும் தீரவில்லை.

ஒரே டயர் உள்ளேயும் வெளியேயும் இடிக்கிறது என்றால் அளவு மட்டுமே சிக்கலாக இருக்காது, அச்சே நகரலாம். இந்த வண்டியில் பின் அச்சைப் பக்கவாட்டில் பிடித்து நிறுத்துபவை அச்சையும் சட்டத்தையும் இணைக்கும், சாய்வாக அமைந்த இரண்டு மேல் கைகள்தாம். சக்கரங்கள் தரையில் இருக்க, நண்பரை விட்டு வண்டியின் உடலைப் பக்கவாட்டில் ஆட்டச் சொல்லி, கீழே படுத்து டார்ச் அடித்தேன். அச்சின் நடுவிலுள்ள பற்சக்கரப் பெட்டியான டிஃபரென்ஷியல் மேல், கைகள் மாட்டும் காதுகளில் ரப்பர் புஷ் கிழிந்து, அதன் நடுவே போல்ட் செல்லும் குழாய் முன்னும் பின்னும் தாவியது. வண்டி அசையாமல் நிற்கும்போது எதுவும் தெரியாது.

இரண்டு புஷ்களையும் மாற்றினேன். போல்ட்டுகளை வண்டியின் எடை சக்கரங்களில் இறங்கிய பிறகே இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் முறுக்கினால் புது ரப்பரும் முறுகியே நின்று சீக்கிரம் கிழியும். ஸ்பேசரைக் கழற்றியாயிற்று. உரசுகிறதா என்று பார்க்க டயரில் பூசிய சாக்பீஸ் தடம் அப்படியே இருக்கிறது. அப்பாடா.