ஊராட்சிக்கு வெள்ளத் திட்டம் தயாரிப்பது எப்படி? முதன்முறை இறங்குபவர்களுக்கான செய்முறை

உங்கள் ஊராட்சி அலுவலகத்தில் 'பேரிடர் மேலாண்மைத் திட்டம்' என்று ஒரு கோப்பு இருக்கக்கூடும். கேட்டு வாங்கித் திறந்து பாருங்கள். காவல் நிலையம், தீயணைப்பு நிலையம், ஆரம்ப சுகாதார நிலையம், தாசில்தார் அலுவலகம் என்று வரிசையாகத் தொலைபேசி எண்கள். பள்ளிக்கூடத்தை முகாமாக மாற்றுவது பற்றி இரண்டு வரி. கடைசியில் கையெழுத்தும் முத்திரையும். தண்ணீர் வீட்டுக்குள் வந்தபின் யாரைக் கூப்பிடுவது என்பது அதில் தெரியும். தண்ணீர் எந்த வழியாக வரும், எங்கே முட்டி நிற்கும், அந்த இடத்தை எந்த மாதத்துக்குள் யார் சரிசெய்ய வேண்டும் என்பது தெரியாது. இந்தக் குறிப்பு அந்த இரண்டாவது வகைத் திட்டத்தைப் பற்றியது.

வார்டு உறுப்பினர், ஊராட்சிச் செயலர், மகளிர் குழுவினர், கிராம சபையில் எழுந்து பேசத் தயங்காத இளைஞர்கள் என யாரும் இதைத் தொடங்கலாம். எடுத்துக்காட்டுகளைத் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துக் குளத்துப் பாசன ஊர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் சராசரியாகப் பெய்வதைவிட இது அதிகம். குளங்கள் அடுத்தடுத்து உடைந்தன. அவ்வளவு மழைக்கு எந்த ஊராட்சியும் ஈடுகொடுத்திருக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் 15, 20 சென்டிமீட்டர் மழைக்கே மூழ்கும் ஊர்கள்தாம் அதிகம். அங்கே செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது.

சட்டம் பற்றி ஒரு சொல். 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 41ஆம் பிரிவு உள்ளாட்சி அமைப்புகளுக்கு நேரடியாகவே கடமைகளை வகுத்திருக்கிறது: பணியாளர்களுக்குப் பயிற்சி அளிப்பது, கருவிகளை உடனே பயன்படும் நிலையில் வைத்திருப்பது, தன் எல்லைக்குள் நடக்கும் கட்டுமானங்கள் பேரிடர்த் தடுப்பு விதிகளுக்கு உட்பட்டு நடக்கின்றனவா என்று பார்ப்பது. ஆகவே "மேலிருந்து உத்தரவு வரவில்லை" என்ற பதில் செல்லாது.

முதல் படி: நாட்காட்டியைத் திருப்பி வையுங்கள்

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. பெரும்பாலான ஊர்களில் ஆயத்தக் கூட்டம் நடப்பது செப்டம்பர் கடைசியில். அதற்குள் வேலைக்கு மதிப்பீடு போட்டு, அனுமதி வாங்கி, மண் வெட்டி முடிக்க முடியாது. கூட்டத்தில் தேநீர் குடித்துவிட்டுக் கலையத்தான் முடியும்.

தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இவற்றில் வெள்ளத்துக்கு முக்கியமானது மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். ஓடைகள் வறண்டு, அடைப்புகள் கண்ணுக்குத் தெரியும் காலம் அது. அன்று குழு அமையுங்கள். மே 1 சபையில் பணிகளைத் தீர்மானமாக்குங்கள். ஆகஸ்ட் 15 சபையில் எது முடிந்தது, எது கிடப்பில் இருக்கிறது என்று கேளுங்கள். அக்டோபர் 2 சபையை மழைக்காலப் பொறுப்புகளைப் பிரித்துக்கொடுக்க வைத்துக்கொள்ளுங்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் பதவியில் இல்லாமல் தனி அலுவலர் நிர்வாகம் நடக்கும் ஊர்களிலும் இதே வரிசைதான். மனுவை அவரிடம் கொடுக்க வேண்டும்.

இரண்டாம் படி: காகிதங்களைத் திரட்டுங்கள்

கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடம் இருக்கும். அதன் நகல் ஒன்று, நீர்நிலைப் புறம்போக்கு, ஓடை, வாய்க்கால் என்று வகைப்படுத்தப்பட்ட புல எண்களின் பட்டியல் ஒன்று. அ-பதிவேட்டு (ஒவ்வொரு புல எண்ணின் வகையும் பரப்பும் உள்ள பதிவேடு) விவரத்தையும் புல வரைபடத்தையும் வருவாய்த் துறையின் இணையதளத்திலேயே எடுக்கலாம். வரைபடத்தில் எல்லா நீர்வழிகளுக்கும் நீல மையில் கோடு போடுங்கள். முதல் அதிர்ச்சி இங்கேயே கிடைக்கும்: நீலக் கோடு ஓடும் இடத்தில் இன்று தெருவும் கடையும் இருக்கும்.

மூன்றாம் படி: நடந்து பாருங்கள்

இதுதான் திட்டத்தின் உயிர். அவசரப்படாமல் செய்யுங்கள். குழுவில் நீர்ப்பாய்ச்சி (வயல்களுக்கு நீரைத் திறந்து பங்கிடுபவர்) ஒருவர், ஆடு மேய்ப்பவர் ஒருவர், தாழ்வான தெருவில் குடியிருக்கும் பெண்கள் இருவர் கட்டாயம் இருக்க வேண்டும். நீர் எப்படிப் போகிறது என்பது பொறியாளரைவிட இவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஊருக்குள் தொடங்காதீர்கள். மேலே இருந்து வாருங்கள்: வரத்துக்கால், குளத்தின் உள்வாய், கரை, மடை, மறுகால், மறுகால் ஓடை, பிறகு ஊர், கடைசியில் அடுத்த குளம் அல்லது ஆறு. (மறுகால் என்பது குளம் நிரம்பியபின் உபரி நீர் வெளியேறும் இடம்; வடமாவட்டத்தார் கலிங்கு என்று வாசித்துக்கொள்ளலாம்.)

கரையில் நடக்கும்போது மூன்று விஷயங்களைக் குறியுங்கள். ஒன்று, கரையின் மிகத் தாழ்ந்த இடம். மாட்டு வண்டியும் டிராக்டரும் ஏறி இறங்கித் தேய்ந்த பாதைதான் வழக்கமாக அந்த இடம். கரை முதலில் வழிவதும் அங்கேதான். இரண்டு, எலி வளை, நண்டு வளை, பட்டுப்போன மரத்தின் வேர் விட்ட பொந்து. மூன்று, கரையின் வெளிப்புற அடியில் கோடையிலும் பச்சையாக இருக்கும் புல். அங்கே கசிவு இருக்கிறது.

மறுகாலுக்கு வந்ததும் சற்று நேரம் நில்லுங்கள். நிறைய ஊர்களில், கூடுதல் தண்ணீர் பிடிக்க வேண்டும் என்று மறுகாலின் மேல் மண்மூட்டையோ கல்லோ அடுக்கி, அரை அடி ஒரு அடி உயர்த்தியிருப்பார்கள். மீன் குத்தகைக்கு எடுத்தவர் மீன் தப்பாமலிருக்கக் குறுக்கே வலை கட்டியிருப்பார். வெள்ளத்தில் வரும் செத்தையும் ஆகாயத் தாமரையும் அந்த வலையில் படிந்து, சில மணி நேரத்தில் அது சுவராகிவிடும். உபரி நீர் போக வேண்டிய வாசல் அடைபட்டால், நீர் கரையின் தாழ்ந்த இடத்தைத் தேடிப் போகும். பிறகு 'மழையால் குளம் உடைந்தது' என்று செய்தி வரும். மறுகாலைக் காலியாக வைத்திருக்க ஒரு ரூபாய் செலவில்லை; ஊர்க்கூட்டத்தில் நாலு பேரைப் பகைத்துக்கொள்ளும் துணிவுதான் வேண்டும்.

குளங்கள் சங்கிலியாக அமைந்த பகுதியில் உங்கள் எல்லையோடு நடையை நிறுத்தாதீர்கள். மேல்குளம் உடைந்தால் கீழ்க்குளமும் தாங்காது. மேலே உள்ள ஊராட்சியிலும் கீழே உள்ள ஊராட்சியிலும் தலைக்கு ஒருவரின் பெயர் உங்கள் திட்டத்தில் இருக்க வேண்டும்.

நான்காம் படி: ஒரு சிறிய கணக்கு

கணக்கு என்றதும் ஓட வேண்டாம், பெருக்கல் வகுத்தல்தான்.

ஓர் ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை என்பது சுமார் 40 ஆயிரம் லிட்டர். உங்கள் ஊர் ஓடைக்கு 500 ஏக்கரிலிருந்து நீர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் 20 சென்டிமீட்டர் பெய்தால் 500 × 20 × 40,000, அதாவது 40 கோடி லிட்டர். ஏற்கெனவே நனைந்த நிலத்தில் அதில் 70 விழுக்காடு ஓடிவரும் என்று கொண்டால் 28 கோடி. நாளுக்கு 86,400 விநாடி. வகுத்தால் விநாடிக்குச் சுமார் 3,240 லிட்டர். ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர்; ஆக ஏறத்தாழ 115 கன அடி.

இனி அந்த ஓடையின் குறுக்கே சாலைக்கு அடியில் போட்டிருக்கும் குழாயைப் பாருங்கள். 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு சிமென்ட் குழாயில், நீர் விநாடிக்கு இரண்டு மீட்டர் வேகத்தில் நிரம்பி ஓடினாலும் 20 கன அடிதான் போகும். 115 கன அடிக்கு ஆறு குழாய் தேவை. உங்கள் ஊரில் ஒன்றோ இரண்டோ இருக்கும், அதிலும் பாதி மண் மூடியிருக்கும். மழை 24 மணி நேரமும் சீராகப் பெய்யாது, சில மணி நேரத்தில் கொட்டித் தீர்க்கும் என்பதையும் சேர்த்தால் நிலைமை இன்னும் மோசம்.

இது பொறியாளரின் வடிவமைப்புக்கு மாற்றாகாது. ஆனால் "தெருவில் தண்ணீர் நிற்கிறது ஐயா" என்று சொல்வதற்கும், "115 கன அடி வரும் இடத்தில் 20 கன அடிக் குழாய் இருக்கிறது, பெட்டி வடிவச் சிறுபாலம் வேண்டும்" என்று எழுதிக் கொடுப்பதற்கும் அலுவலகத்தில் கிடைக்கும் மரியாதை வேறு.

ஐந்தாம் படி: எது யாருடையது?

பொதுவாக, 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள குளங்கள் நீர்வளத்துறையின் பொறுப்பு. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்துடையவை. ஊருணி, குட்டை ஆகியவை கிராம ஊராட்சியைச் சேர்ந்தவை. சிறுபாலம் என்றால், மேலே போகும் சாலை யாருடையதோ அவர்களுடையது; ஒன்றியச் சாலையா, நெடுஞ்சாலைத் துறையா என்று பாருங்கள். நடையில் குறித்த ஒவ்வோர் இடத்துக்கும் நேரே புல எண், துறை, அலுவலரின் பதவி ஆகியவற்றை எழுதுங்கள். தவறான மேசைக்குப் போகும் மனு ஒரு பருவத்தைத் தின்றுவிடும்.

ஆக்கிரமிப்பு இருந்தால் ஊராட்சி தானாக இடிக்க முடியாது. நில அளவை கேட்டுத் தீர்மானம் போட்டுத் தாசில்தாருக்கு அனுப்ப வேண்டும். நீர்வளத்துறைக் குளங்களுக்கு 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டமும் இருக்கிறது. என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: பட்டியலின் முதல் வரியில், வாய்க்காலைத் தூர்த்து மனை போட்டவரை எழுதுங்கள். போக்கிடமில்லாமல் ஓடைக்கரையில் குடிசை போட்டவரை மாற்று இடம் கேட்கும் தனிப் பட்டியலில் வையுங்கள். நடைமுறையில் இது தலைகீழாகத்தான் நடக்கிறது.

ஆறாம் படி: தீர்மானமும் பணமும்

கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் ஏறாத பணிக்குப் பணம் வராது. பேரிடர்த் திட்டம் தனிக் கோப்பாகத் தூங்குவதற்குக் காரணமே இதுதான். ஆகவே உங்கள் பட்டியலை ஒவ்வொரு பணியாகப் பிரித்து வளர்ச்சித் திட்டத்துக்குள் ஏற்றுங்கள்.

தீர்மானத்தின் வாசகம் இப்படி இருக்கட்டும்: "புல எண் இன்னதில் உள்ள மறுகால் ஓடையை, மறுகாலிலிருந்து பிள்ளையார் கோவில் சிறுபாலம் வரை இத்தனை மீட்டர் நீளத்துக்குத் தூர்வாரி, செப்டம்பர் 15க்குள் முடிக்க இச்சபை தீர்மானிக்கிறது." 'வெள்ளத் தடுப்பு நடவடிக்கை எடுக்கப்படும்' என்று எழுதினால் அதை யாரும் நிறைவேற்ற மாட்டார்கள்; நிறைவேற்றவில்லை என்று யாரும் கேட்கவும் முடியாது.

பணம் எங்கிருந்து? வாய்க்கால், குளம் தூர்வார, 'நூறு நாள் வேலை' என்று நாம் சொல்லும் ஊரக வேலைத் திட்டம் ஒரு வழி. அதன் விதிகள் மாறுவதால், அனுமதிக்கப்பட்ட பணிகளின் இப்போதைய பட்டியலை ஒன்றிய அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். நிதிக்குழு மானியம் இன்னொன்று. 2021–26 காலத்துக்கு 15வது நிதிக்குழு வகுத்த முறையில் 60 விழுக்காடு குடிநீர், மழைநீர் சேகரிப்பு, சுகாதாரம் ஆகியவற்றுக்கு ஒதுக்கப்பட்டது; மீதி 40 விழுக்காட்டைச் சம்பளம், நிர்வாகச் செலவு தவிர உள்ளூர்த் தேவைக்குச் செலவிடலாம் என்று இருந்தது. சிறுபாலம் போன்றவற்றுக்குப் பொருந்துவது இந்த உள்ளூர்த் தேவைப் பங்கு. பெரிய பணி என்றால், மாநிலப் பேரிடர் நிதியில் 20 விழுக்காடு தணிப்புப் பணிகளுக்கென்று பிரிக்கப்பட்டிருப்பதைச் சொல்லி, ஆட்சியருக்குக் கருத்துரு அனுப்பலாம்.

ஏழாம் படி: மழை நாள் பொறுப்புகள்

வானிலை மையத்தின் கணக்கில் ஒரு நாளில் 11.6 முதல் 20.4 சென்டிமீட்டர் வரை மிகக் கனமழை, அதற்கு மேல் அதிகனமழை. டிஎன் அலர்ட் செயலியில் எச்சரிக்கை தமிழிலேயே வரும். ஆனால் எச்சரிக்கையின் நிறத்தை மட்டும் நம்பாமல், உள்ளூர் அடையாளம் ஒன்றோடு ஒரு செயலைக் கட்டுங்கள். மறுகாலில் நீர் விழத் தொடங்கினால் இரவுக் காவல். சிறுபாலத்தில் நீங்கள் முன்பே வரைந்துவைத்த சிவப்புக் கோட்டை நீர் தொட்டால் தாழ்ந்த தெருவிலுள்ள முதியவர்கள், கர்ப்பிணிகள், மாற்றுத்திறனாளிகள் இடம்பெயர வேண்டும். யார் வீட்டுக்கு யார் போவது என்று பெயரோடு எழுதுங்கள். ஒவ்வொரு குக்கிராமத்துக்கும் இரண்டு பேர், அவர்களில் ஒருவர் பெண்.

வாட்ஸ்அப் குழு போதும் என்று நினைக்காதீர்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறக்கப்பட்டது நள்ளிரவு தாண்டிய நேரத்தில். அந்த நேரத்தில் செல்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் எத்தனை பேர்? கதவைத் தட்ட ஆள் வேண்டும், கோவில் ஒலிபெருக்கிக்குச் சாவி வேண்டும், மின்சாரம் போனால் தமுக்கு வேண்டும்.

கரைக் காவலுக்குப் போகிறவர்களுக்கு ஒன்றைச் சொல்லிக்கொடுங்கள். வெளிப்புறக் கசிவு தெளிந்த நீராக இருந்தால் கண்காணிக்கலாம். கலங்கி, மண்ணோடு வந்தால் கரை உள்ளுக்குள் அரிபடுகிறது. அந்த வாயை அடைக்க முயலக் கூடாது; அடைத்தால் வேறிடத்தில் பிய்த்துக்கொள்ளும். அதைச் சுற்றி வட்டமாக மண்மூட்டை அடுக்கி, உள்ளே நீர் தேங்கும்படி விட வேண்டும். தேங்கும் நீரின் அழுத்தம் கசிவின் வேகத்தைக் குறைக்கும். அதே நேரத்தில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077க்கும், கீழ்க்குளத்து ஊருக்கும் சொல்லியாக வேண்டும். காலிச் சாக்கு, மண்வெட்டி, சவுக்குக் கம்பு, கயிறு, டார்ச் ஆகியவை கரைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் அக்டோபர் முதல் தேதியே இருக்கட்டும். ஊராட்சி அலுவலகத்துப் பூட்டிய அறையில் வைத்தால், சாவி வைத்திருப்பவர் அன்று பார்த்து வெளியூர் போயிருப்பார்.

எட்டாம் படி: நீர் வடிந்த வாரம்

சுவர்களில் நீர் நின்ற கறை இருக்கும். வெள்ளையடிப்பதற்குள் ஒவ்வொரு தெருவிலும் இரண்டு மூன்று சுவரில் அந்த மட்டத்தைப் பெயின்ட்டால் கோடு போட்டு, தேதி எழுதி, படம் எடுங்கள். எந்தத் தெருவில் எத்தனை அடி, எத்தனை மணி நேரம் நின்றது, எந்தப் பக்கமிருந்து வந்தது என்று ஒரு நோட்டில் பதியுங்கள். அந்த நோட்டின் நகலை ஒன்றியப் பொறியாளரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். மார்ச் 22 சபைக்கு அந்த நகலோடு போகலாம்.