பழைய கடிதக் கட்டு பிரிக்கும் மாணவர்கள் வருஷத்தில் கோட்டை விடக் கூடாது

பேனா கொண்டு போகாதே, எச்சில் தொட்டுத் தாள் புரட்டாதே என்பதையெல்லாம் காப்பகத்திலேயே சொல்லிவிடுவார்கள். செட்டிநாட்டு லேவாதேவிக் கடிதங்களை வைத்து ஆய்வேடு எழுதும் மாணவர்கள் சறுக்குவது வேறு இடத்தில்.

தமிழ் வருஷத்தை ஆங்கில வருஷமாக்குவது

பர்மாவில் ரங்கூன் கடையிலிருந்து ஊருக்கு வந்த கடிதம், தலைப்பில் ‘விஷு வருஷம் தை மாதம்’ என்று வைத்துக்கொள்வோம். விஷு என்றால் 1941 என்று தேடிப் பார்த்து, ‘1941 ஜனவரி’ என்று குறித்துவிடுகிறார்கள். வருஷம் பிறப்பது சித்திரையில். தை பத்தாவது மாதம். அப்படியானால் கடிதம் 1942-ல் எழுதியது. ரங்கூன்மேல் ஜப்பான் குண்டு போட்டது 1941 டிசம்பர் 23. குண்டு விழுந்த பிறகு எழுதிய கடிதம், குண்டு விழுவதற்குப் பதினோரு மாதம் முன்னால் போய்விடுகிறது. ‘போர் வருமுன்பே பணத்தை ஊருக்குத் திருப்பினார்கள்’ என்று முடிவும் எழுதப்படுகிறது. காரணமும் விளைவும் இடம் மாறி, ஓர் அத்தியாயம் முழுவதும் வீண். மார்கழியின் பின்பாதியிலிருந்து பங்குனி முடிய ஒன்றைக் கூட்டியே ஆக வேண்டும்.

இன்னொன்று, 60 வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும். 1881-கூட விஷுதான். பாட்டனார் பெயரைப் பேரனுக்கு வைக்கும் குடும்பங்களில் பெயர், விலாசம் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். அவற்றை நம்பித் தேதி சொல்ல முடியாது. உறையைப் பாருங்கள். தபால்தலையில் விக்டோரியாவா, ஆறாம் ஜார்ஜா? 1937 ஏப்ரல் 1-ல் பர்மா இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிந்ததால், அதற்குப் பிந்தைய உறையில் பர்மாத் தபால்தலை இருக்கும். உறை இல்லையா? தேதியையும் கிழமையையும் பழைய பஞ்சாங்கத்தோடு ஒத்துப் பாருங்கள்.

வழிகாட்டும் ஆசிரியர் இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்துவிடுவது மாணவருக்குச் செய்யும் கெடுதல். தானே போட்டுப் பார்த்தவருக்குத்தான் அடுத்த கட்டில் சந்தேகப்படத் தெரியும்.

10-8-0 என்பதை 10.80 என்று படிப்பது

அது பத்து ரூபாய் எட்டு அணா, அதாவது பத்தரை ரூபாய். 12 பை ஓர் அணா, 16 அணா ஒரு ரூபாய். நயாபைசா 1957-ல்தான் வந்தது.

பேரேட்டுக் குறிகளை எழுத்தென்று நினைப்பது

௧ ஒன்று, ௰ பத்து, ௱ நூறு. ௶ பற்று, ௷ வரவு.

கட்டு எண் இல்லாமல் போனில் படம் எடுப்பது

வேண்டாம்.

காரைக்குடியோடு தேடலை நிறுத்துவது

கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்த புத்தகங்களும் இதழ்களும் இன்று சென்னையில், அவர் பெயரிலுள்ள ஆராய்ச்சி நூலகத்தில் இருக்கின்றன. பஸ் ஏறுமுன் நூற்பட்டியலைத் தேடி, வேண்டியவற்றின் எண்களை எழுதிக்கொண்டு போங்கள்.