கிளப்புல சேர்றதுக்கு முன்னாடி கடைசி வண்டியப் பாருங்க

"ஏனுங்ணா, உங்க கிளப்புல சேரோணும்னா புல்லட்டு வாங்கியே ஆகோணுங்களா?" மாசத்துக்கு நாலு பேராச்சும் இதக் கேட்டுடறாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் நோட்டு போட்டுப் போட்டு வாய் வலிக்குது, அதனால ஒரு தடவ உக்காந்து எழுதி வச்சுடறேன். நான் திருப்பூர்ல பனியன் கம்பெனி சூப்பர்வைசர். ஞாயித்துக்கெழம ஒரு நாள்தான் லீவு. 6 வருசமா ஒரு பைக் டூரிங் கிளப்புல ஓட்டிட்டிருக்கேன், அதுக்கு முன்னாடி வேற ஒரு குரூப்புல 3 மாசம் இருந்து வெறுத்துப்போய் வெளில வந்தேன், அந்த 3 மாசத்துல கத்துக்கிட்டதுதான் எச்சு.

வண்டி கதைய மொதல்ல முடிச்சுடலாம். புல்லட்டு வேண்டாமுங்க. எங்ககூட வர்ற ஒரு அண்ணன் ஸ்பிளெண்டர் பிளஸ்தான் வச்சிருக்கார், 9.8 லிட்டர் டேங்க், லிட்டருக்கு 60 கொறையாமக் குடுக்குது, நாங்கெல்லாம் பங்க்குல வரிசைல நிக்கறப்ப அவரு எதிர் டீக்கடைல உக்காந்துட்டு எங்களப் பாத்து பஜ்ஜிய ஆட்டிக் காட்டுவார். அதே கிளப்புல ஒரு பெரியவர் வலது காலு கியர் வச்ச பழைய புல்லட்டு ஓட்டறார், அந்த வண்டிய நம்ம யாராச்சும் எடுத்தா பிரேக்குனு நெனச்சு கியர மிதிச்சுட்டு நிப்போம். சில கிளப்பு ஒரே கம்பெனி வண்டிக்குனே இருக்கு, சிலதுல இத்தன சிசிக்கு மேலதான்னு சொல்லுவாங்க, அது அவங்கவங்க ஏற்பாடு. நம்மூருக்கு வண்டிக் கிறுக்கு ஒண்ணும் புதுசில்ல. ஜி.டி. நாயுடுவே ஒரு வெள்ளக்கார ஆபீசர் ஓட்டிட்டு வந்த ரட்ஜ் மோட்டார்சைக்கிளப் பாத்து மயங்கி, கோயமுத்தூர் ஓட்டல்ல வேல செஞ்சு காசு சேத்து அதையே வெலைக்கு வாங்கி, அக்கக்காக் கழட்டிப் போட்டுப் பாத்தவர்தான்.

கிளப்ப எங்க தேடறதுன்னா, ரீல்ஸ்ல தேடாதீங்க. அதுல எல்லாக் கிளப்பும் ஒரே மாதிரிதான் தெரியும், மலை, மேகம், பின்னாடி ஒரு பாட்டு. உங்க மெக்கானிக்கக் கேளுங்க. எந்தக் குரூப்பு வண்டி எந்த நெலமைல பட்டறைக்கு வருது, மாசாமாசம் ஹேண்டில்பார் நிமித்த வர்றது யாரு, எல்லாம் அவருக்குத் தெரியும். இல்லீன்னா ஞாயித்துக்கெழம வெடியால 5 மணிக்கு அவிநாசி பைபாஸ் பக்கமோ பொள்ளாச்சி ரோட்டுலயோ ஒரு டீக்கடைல போய் நில்லுங்க, ஜாக்கெட்டு போட்டுட்டு பத்துப் பேரு டீ குடிச்சுட்டிருப்பாங்க. "எங்கீங்ணா போறீங்க"னு ஒரு வார்த்த கேட்டாப் போதும், உங்க டீ ஆறிப்போற வரைக்கும் விட மாட்டாங்க.

பேசிப் பழகியாச்சுன்னு உடனே பணத்தக் கட்டிடாதீங்க. ஒரே ஒரு ரைடு ஒறம்பரையாட்ட, விருந்தாளி மாதிரி போங்க. போறப்ப முன்னாடி நிக்காதீங்க, கடைசியா ஓட்டுங்க. எதுக்குங்கறீங்களா, சொல்றேன்.

என்ற மொதக் குரூப்பு பவானிசாகர் டேமுக்கு ஒரு ரைடு போட்டாங்க, 14 வண்டி. புளியம்பட்டி தாண்டி ஒரு பையனுக்குப் பின் டயர் பஞ்சர். நான் அவனுக்கு முந்துன வண்டி, கண்ணாடில ஆளக் காணமேன்னு திரும்பிப் போனேன். முன்னாடி போறவருக்குப் போன் அடிச்சா எடுக்கல. ரெண்டு பேருமாத் தள்ளிட்டுப் போயி, பஞ்சர் கடைக்காரர எழுப்பி, ட்யூப மாத்தி முடிக்க ஒண்ணேமுக்கா மணி நேரம். நாங்க டேமுக்குப் போய்ச் சேர்றப்ப எல்லாரும் மீன் வறுவல் தின்னு முடிச்சு தட்டுல முள்ளுதான் கெடந்துச்சு. அதுல ஒருத்தரு எங்களப் பாத்து, "நீங்க வேற ரூட்டுல வந்தீங்களா?"னு கேட்டாரு பாருங்க. அன்னிக்குப் பொழுதோட அந்தக் குரூப்ப விட்டு வெளில வந்துட்டேன். அந்தப் பையனும் வந்துட்டான், இப்ப எங்க கிளப்புல அவன்தான் ஸ்வீப்.

ஸ்வீப்புனா வரிசைல கடைசி வண்டி. அவனுக்குப் பின்னாடி நம்மாளு ஒருத்தன்கூட இருக்கக் கூடாது, யாராச்சும் நின்னா அவனும் நிக்கோணும், பஞ்சர் கிட்டு, டூல்ஸ், மருந்துப் பை எல்லாம் அவன்கிட்டதான். முன்னாடி போறவரு லீட். வழி தெரிஞ்சவரு, அவர யாரும் முந்தக் கூடாது. ரோடு பிரியற எடம் வந்தா லீடுக்கு அடுத்த ஆளு அங்கயே ஓரங்கட்டி நின்னு, பின்னாடி வர்றவங்களுக்கெல்லாம் கை காட்டிட்டு, ஸ்வீப் வந்த பொறவுதான் கெளம்போணும். இந்த ஏற்பாடு இருக்கற கிளப்புல யாரும் தொலைய மாட்டாங்க, மெதுவா ஓட்டறவன் பயந்து பயந்து முறுக்க வேண்டியதும் இல்ல. அதனால ஒறம்பரையாப் போற அன்னிக்கு வேற எதையும் பாக்க வேண்டாம், கடைசி வண்டிக்கு எவ்வளவு நேரம் காத்திருக்காங்க, வந்து சேர்ந்ததும் மூஞ்சிய எப்படி வச்சுக்கறாங்க, அத மட்டும் பாத்துட்டு வாங்க. அங்க சரியா இருந்தா மத்ததெல்லாம் சரியா இருக்கும்.

இன்னும் ஒண்ணு ரெண்டு கேட்டுக்கோங்க. ரைடு நடுவுல சரக்கு உண்டான்னு வெளிப்படையாக் கேளுங்க, "ஒரு பீருதானுங்ணா"னு இழுத்தா அப்படியே கும்புடு போட்டுட்டு வந்துடுங்க. காசு கணக்கு யாருகிட்ட, எழுதி வைக்கறாங்களான்னு கேளுங்க. எங்கள்ல பெட்ரோல் அவங்கவங்க செலவு, சாப்பாடு மொத்தமாப் போட்டுத் தலைக்கு வகுத்துக்கறது, சாயங்காலமே குரூப்புல கணக்கு வந்துடும். நல்ல கிளப்பா இருந்தா உங்ககிட்டயும் கேப்பாங்க, ரத்த குரூப்பு என்ன, ஊட்டுல யாரு நம்பரு, மாத்திரை ஏதாச்சும் சாப்பிடறீங்களான்னு. கேக்கலைன்னாதான் யோசிக்கோணும்.

அப்பறம் பேப்பரு. கியர் வண்டி ஓட்ட லைசென்ஸ், ஆர்.சி., புகை சர்டிபிகேட், இன்சூரன்ஸ், நாலும் போன்ல டிஜிலாக்கர்ல இருந்தாப் போதும். இன்சூரன்ஸ்ல ஓட்டறவருக்கு 15 லட்சம் பர்சனல் ஆக்சிடென்ட் கவர் இருக்கான்னு தொறந்து பாருங்க, ரினியூவல் பண்றப்ப சில நூறு ரூபா மிச்சம்னு நம்மாளுங்க அந்த டிக்க எடுத்து விட்டுடறாங்க. ஹெல்மெட்டு ஐ.எஸ்.ஐ. முத்திரையோட மூஞ்சி மூடற மாதிரி, பின்னாடி உக்கார்றவங்களுக்கும் சேத்துத்தான், இல்லீன்னா 1000 ரூபா பைன். ஜாக்கெட்டுக்கு மொத மாசமே காசக் கொட்டாதீங்க, மொதல்ல ஷூவும் கிளவுசும் வாங்குங்க, வண்டில இருந்து விழறவன் கையத்தானே மொதல்ல ஊனுவான். ரோட்டுல யாருக்காச்சும் அடிபட்டா 108. ஆஸ்பத்திரி செலவுக்குப் பயந்துட்டு நேரத்தக் கடத்த வேண்டாம், 2021 கடைசில ஆரம்பிச்ச "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டத்துல மொத 48 மணி நேர வைத்தியத்துக்கு அரசாங்கமே ஒரு வரம்பு வரைக்கும் செலவ ஏத்துக்குது.

வண்டியத் தயார் பண்றது பெரிய வித்தையில்ல. செயின்ல 500 கிலோமீட்டருக்கு ஒருக்கா லூப், அதாவது செயின் ஆயிலு, அடிச்சு, டயர் காத்த வண்டி ஓட்டறதுக்கு முன்னாடி, டயர் ஆறியிருக்கறப்பப் பாத்து, பிரேக் பேடு எத்தன இருக்குன்னு டார்ச்சடிச்சுப் பாத்தா பாதி தொந்தரவு போச்சு. சைலன்சர மாத்தி டமடமன்னு வர்ற வண்டிய நாங்க சேத்துக்கறதில்ல, வெடியால 5 மணிக்கு ஊருக்குள்ள போறப்ப தூங்கிட்டிருக்கற கொழந்தைக எந்திரிச்சு அழுகும், காட்டுக்குள்ள அதவிட மோசம்.

நம்ம பக்கத்துல ஓட்டறவங்க தனியாக் கத்துக்க வேண்டியது ஒண்ணு இருக்கு, காத்து. ஆனி, ஆடில பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் வந்து அடிக்கற அடி இருக்கே, அத நம்பித்தானே கரண்டு எடுக்க அத்தன காத்தாடிய நட்டு வச்சிருக்காங்க. உடுமலை ரோட்டுல மேற்க இருந்து அடிக்கறப்ப வண்டிய ஒரு பக்கம் சாச்சுப் புடிச்சுட்டே போகோணும், அப்படிப் போயிட்டிருக்கறப்ப ஒரு லாரி பக்கத்துல வந்து காத்த மறைச்சா வண்டி பொக்குனு அந்தப் பக்கம் இழுக்கும், லாரி தாண்டினதும் திரும்ப ஒரே தள்ளா இந்தப் பக்கம் தள்ளும். ஹேண்டிலக் கெட்டியாப் புடிக்காதீங்க. முழங்கையத் தளத்தி விட்டு, முட்டியால டேங்கக் கவ்விப் புடிங்க, வேகத்தக் கொறைங்க. மொத வருசம் கேத்தனூர் பக்கம் எனக்கு ரோட்டு ஓரத்துக்கே போயிடுச்சு, அன்னிக்கு வேட்டி கட்டிட்டு எக்ஸெல்ல வந்த ஒரு பெரியப்பா, புல்லுக்கட்ட முன்னாடி வச்சுட்டு ஒரு கையில அலுங்காம ஓட்டிட்டுப் போறாரு, நான் ஜாக்கெட்டு, பூட்ஸு எல்லாம் மாட்டிட்டு நடுங்கிட்டு நிக்கறேன்.

மொத ரைடுக்கே கொல்லிமலை 70 கொண்டை ஊசின்னு கூப்பிட்டா வேண்டாம்னு சொல்லுங்க, வெக்கமே இல்ல. வால்பாறை 40ம் அப்பறம். எங்க கிளப்புல புதுசா வர்றவங்கள மொதல்ல சமவெளில ரெண்டு ரைடு கூட்டிட்டுப் போவோம், மூணாவதா சத்தியமங்கலத்துக்கு மேல திம்பம் மலை, 27 வளைவு. வண்டிக ரோட்டுல கட்டம் மாறி நிக்கற மாதிரி போகோணும், லீட் ஆளு நம்ம பாதிக்கு வலது ஓரமா, அடுத்தவரு இடது ஓரமா, அப்படியே மாத்தி மாத்தி, நேர் முன்னாடி இருக்கற வண்டிக்கும் நமக்கும் ரெண்டு செகண்டு எடவெளி. மலை ஆரம்பிச்சதும் அதெல்லாம் கெடையாது, ஒத்த வரிசை. ஏறி வர்ற வண்டிக்கு வழி விடோணும், எந்தக் கியர்ல ஏறுனமோ அந்தக் கியர்ல எறங்கோணும், பிரேக்க மட்டும் நம்பி எறங்கினா பாதில சூடேறி புடிக்காது. திம்பத்துல லாரி திரும்பறதுக்கு மொத்த வளைவும் வேணும், அதனால கீழயே நின்னு அது முழுசா வந்த பொறவு ஏறுங்க. சைகையும் கொஞ்சம்தான், இடது கால நீட்டினா அந்தப் பக்கம் குழி, டேங்கத் தட்டினா பெட்ரோல் தீருது, ஹெல்மெட்டு மேல தட்டினா என்னன்னு நான் சொல்ல மாட்டேன், ஒரே வாரத்துல தெரிஞ்சுக்குவீங்க.

திம்பம் ரோட்ட ராத்திரில அடைச்சுடுவாங்க, 2022ல ஐகோர்ட்டு சொன்னதுல இருந்து கறாரா இருக்காங்க. அதனால இருட்டோட கெளம்பி பண்ணாரில சாமி கும்புட்டுட்டு, செக்போஸ்ட்டத் தாண்டி ஏறுவோம். ஒரு தடவ ஆசனூரத் தாண்டி காராப்பள்ளம் பக்கம் போறப்ப முன்னாடி லீட் அண்ணன் கையத் தூக்கிட்டு நின்னுட்டாரு. ரோட்டோரத்துல ஒரு தாய் யானை, காலுக்கு நடுவுல குட்டி. அந்தப் பக்கம் யானைக கரும்பு லாரிக்குக் காத்து நிக்கும், பழகிப் போச்சு. எங்க வரிசைல புதுசா வந்த தம்பி ஒருத்தன் போன எடுத்தான், அண்ணன் திரும்பிப் பாத்தாரு, ஒரு வார்த்த பேசல, போன் உள்ள போயிடுச்சு. வண்டிய ஆஃப் பண்ணி, ஹாரன் இல்லாம, முறுக்காம, திரும்பிப் போற அளவுக்கு எடம் விட்டு நின்னோம், 11 வண்டி, 25 நிமிசம். எஞ்சின் ஆறற 'டிக் டிக்' சத்தம் மட்டும் கேட்டுட்டிருந்துச்சு. யானை ஒரு கரும்புச் சக்கைய எடுத்துக் குட்டி மேல தட்டிட்டு உள்ள போச்சு. செல்பி எடுக்கற கிளப்போட போயிருந்தா அன்னிக்கு என்ன ஆயிருக்குமோ.

ரூட் போடறப்ப செக்போஸ்ட்ட மொதல்ல பாருங்க. ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே மாசத்துல இருந்து இ-பாஸ் வேணும். டாப்சிலிப்புக்கு டூவீலரே விடறதில்ல, சேத்துமடையோட திரும்போணும். உடுமலைல இருந்து மூணாறு போறதுன்னா ஒம்போதாறு செக்போஸ்ட்ட வெளிச்சம் இருக்கறப்பவே தாண்டிடோணும், வர்றப்பவும் அதே.

ஊட்டுல சொல்றதுதான் இருக்கறதுலயே பெரிய மலை. பொய் சொல்லிட்டுப் போகாதீங்க, ஒரு பஞ்சர் ஆனாப் போதும் குட்டு ஒடஞ்சுடும். நான் பண்ணுனது என்னன்னா, மொத ரைடு முடிஞ்ச வாரமே கிளப்பு ஆளுக நாலு பேர ஊட்டுக்குக் கூப்பிட்டு அரிசிம்பருப்பு சாதம் போட்டேன். எங்கம்மா, "ஏங்கண்ணு, அந்தத் தாடிக்காரப் பையன் நெய்ய வேண்டாம்னுட்டானே, ஒடம்புக்கு எதாச்சுமா?"ன்னு ரெண்டு நாளாக் கேட்டுட்டே இருந்தாங்க. அதுக்கப்பறம் ரைடுன்னா, "அந்தப் பசங்களோடதானே, போய்ட்டு வா"தான். இப்ப எங்க கிளப்புல மூணு அம்மிணிகளும் ஓட்டறாங்க, அதுல ரெண்டு பேரு அவங்க ஊட்டுக்காரரோட பின்னாடி உக்காந்து வந்து வந்து போரடிச்சுத் தனி வண்டி எடுத்தவங்க.

5 ரைடு முடிஞ்சாத்தான் எங்கள்ல மெம்பர். எனக்கு அஞ்சாவது முடிஞ்சு வால்பாறைல வச்சு கிளப்பு டி-சர்ட்டு குடுத்தாங்க, எல்லாரும் கைதட்ட நானும் பெருமையா வாங்கிப் பிரிச்சா, தையல் கோணலு, துணி கனம் 140 ஜிஎஸ்எம்கூட (சதுர மீட்டருக்கு இத்தன கிராம்ங்கற கணக்கு) வராது, ஒரே தொவையல்ல கறுப்பு சாம்பலாயிடுச்சு. எங்கீங்ணா அடிச்சீங்கன்னு கேட்டா வெளியூர்ல ஆன்லைன்ல ஆர்டர் போட்டிருக்காங்க, கிளப்புல பாதிப் பேரு திருப்பூர்க்காரங்க. அடுத்த மீட்டிங்குல இருந்து அந்த வேல எங்கிட்ட வந்துடுச்சு, சேர்றவங்க சைஸ மட்டும் சரியாச் சொல்லுங்க, எல்லாரும் மீடியம்னு சொல்லிட்டு எக்ஸ்எல் கேக்கறாங்க.